கொம்பன் சுறா மனிதருக்கு ஆபத்தானதா?

சுத்தியல்போல் இரு புறமும் நீண்ட தலையுள்ள கொம்பன் சுறா (ஹேமர்ஹெட்) தானாக வந்து கடித்து மனிதர் ஒருவர் இறந்ததாக, பன்னாட்டுச் சுறாத் தாக்குதல் பதிவேட்டில் ஒரு சம்பவம்கூட இல்லை. அமெரிக்காவின் ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பராமரித்து வரும் அந்தப் பதிவேடு, 1580ஆம் ஆண்டு முதல் கிடைக்கும் செய்திகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் ஆராய்ந்து வகைப்படுத்தி வைத்திருக்கிறது. மனிதரின் சீண்டல் எதுவும் இல்லாத நிலையில் கொம்பன் சுறா கடித்ததாக அதில் ஏற்கப்பட்டவை இருபதுக்கும் குறைவு. அதே அளவுகோலில் வெள்ளைச் சுறாவின் கணக்கில் முந்நூறுக்கும் மேற்பட்ட கடிகளும் ஐம்பதுக்கும் மேற்பட்ட இறப்புகளும் உள்ளன. புலிச் சுறாவும் காளைச் சுறாவும் ஒவ்வொன்றும் நூறுக்கும் மேற்பட்ட கடிகளோடும் இருபதுக்கும் மேற்பட்ட இறப்புகளோடும் அடுத்த இடங்களில் நிற்கின்றன.

இந்த எண்களை நம்பலாமா என்று கேட்பது நியாயமானதே. சுறா கடித்தவர்களில் பலருக்கு எந்தச் சுறா கடித்தது என்று சொல்ல முடிவதில்லை. கலங்கிய நீரில் ஒரு நிழல், ஓர் இழுப்பு, பிறகு இரத்தம் என்றே பெரும்பாலான சம்பவங்கள் முடிந்துவிடுகின்றன. பழுப்பு முதுகும் வெள்ளை வயிறும் கொண்ட சுறாக்கள் பல இருப்பதால், அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய ஆய்வாளருக்கே பல்லின் சில்லோ காயத்தின் வளைவோ தேவைப்படுகிறது. கொம்பன் சுறாவின் நிலை வேறு. உலகில் எந்த மொழி பேசும் மனிதரும் அதை ஒருமுறை பார்த்தாலே அடையாளம் சொல்லிவிடுவார். மற்றச் சுறாக்களின் கணக்கில் தவறுதலாக விடுபட்டுப் போகும் சம்பவங்களைவிட, இதன் கணக்கில் விடுபட்டவை குறைவாகவே இருக்கும் என்று நான் கருதுவதற்கு அதுவே காரணம். அந்தத் தலையை யாரும் மறப்பதில்லை.

பதிவேட்டில் இன்னொரு பிரிவும் உண்டு. நீருக்குள் சுறாவைத் தொட முயல்வது, அதற்கு இரை ஊட்டுவது, ஈட்டியில் குத்திய மீனைக் கையில் வைத்திருப்பது, வலையிலிருந்தோ தூண்டிலிலிருந்தோ அதை விடுவிக்க முற்படுவது ஆகியவற்றின்போது நேரும் கடிகள், மனிதர் தூண்டியதால் நேர்ந்தவையாகத் தனியே வைக்கப்படுகின்றன. மீனவர்களுக்கு இந்தப் பிரிவுதான் முக்கியம். படகின் பலகைமேல் கிடக்கும் சுறா, உடலை வில்லாக வளைத்துத் தன் வால்வரை வாயைக் கொண்டுபோகக் கூடியது. அதற்கு எலும்பு கிடையாது. உடல் முழுவதும் குருத்தெலும்புதான். இறந்துவிட்டது என்று நினைத்துத் தலையைப் பற்றிய கையை அது வெட்டிவிடலாம். கொம்பன் சுறாவின் அகன்ற தலை பிடிப்பதற்கு வசதியான கைப்பிடிபோல் தோன்றுவதால், பழக்கமில்லாதவர்கள் அதையே முதலில் பற்றுகிறார்கள்.

மலேசியாவின் பினாங்குத் தீவில், ஒரு காலைச் சந்தையில், பனிக்கட்டித் தூளின்மேல் கிடந்த கொம்பன் குட்டி ஒன்றை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. என் முழங்கையிலிருந்து விரல் நுனிவரை உள்ள நீளத்தைவிடச் சற்றே பெரிது. “அண்ணே, இது என்ன மீனு?” என்று கேட்டேன். “கொம்பன். மலாய்க்காரங்க யூ துக்குல்னு சொல்வாங்க. குட்டி இது, பொறந்து ரொம்ப நாளாகியிருக்காது” என்றார் கடைக்காரர். துக்குல் என்றால் மலாயில் சுத்தியல். அறிவியல் பெயரான ஸ்பிர்னா என்பதும் சம்மட்டியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. தமிழ்நாட்டு மீனவர்கள் சுத்தியலைக் காணவில்லை, கொம்பைக் கண்டார்கள். தலையின் இரு புறமும் நீண்ட அந்தப் பகுதிகளை நேரில் பார்த்தபோது அவர்கள் வைத்த பெயரே எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

கடைக்காரர் அனுமதிக்க, அதைத் திருப்பிப் பார்த்தேன். கொம்புகளின் நுனியில், வட்டமான கண் ஒன்று ஒவ்வொரு புறமும் பதிந்திருந்தது. கண்ணுக்குச் சற்று உள்ளே, முன்விளிம்பில் மூக்குத் துளை ஒரு கீறலாக ஓடியது. அந்த விளிம்பின் நடுவில் ஒரு பள்ளமும் அதன் இரு புறமும் மெல்லிய அலை நெளிவுகளும் இருந்தன. தலையின் அடிப்பக்கம் முழுவதும் ஊசியால் குத்தியதுபோல் கருநிறப் புள்ளிகள். விரலால் அழுத்தினால் அவற்றிலிருந்து தெளிந்த பசைபோன்ற ஒன்று கசிந்தது. வாய் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அந்த அகன்ற தலைக்குப் பின்னால், அடிப்பக்கத்தில், பிறை வடிவில் சின்னஞ்சிறு வாய் ஒன்று இருந்தது. இந்த மீன் எதற்காக ஆக்கப்பட்டது என்பதை அந்த வாயும் அந்தப் புள்ளிகளும் சேர்ந்து சொல்லிவிடுகின்றன.

அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும், பசை நிரம்பிய நுண்குழாய் ஒன்றின் வாய். 1678இல் இத்தாலிய மருத்துவர் ஸ்டெஃபானோ லோரென்சினி அவற்றை விவரித்ததால் அவை இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. அவற்றின் பயன் இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கியது. கடல்நீரில் உயிரோடு இருக்கும் எந்த உடலும், மூச்சு விடும்போதும் தசை அசையும்போதும், மிக மெல்லிய மின்புலம் ஒன்றைத் தன்னைச் சுற்றி ஏற்படுத்துகிறது. கொம்பன் சுறாவால், ஒரு சென்டிமீட்டர் தொலைவுக்கு ஒரு வோல்ட்டின் நூறு கோடியில் சில பங்கே ஆன மாறுபாட்டையும் உணர முடியும். மணலுக்குள் புதைந்து அசையாமல் கிடக்கும் திருக்கை மீனைக் கண்ணால் காண முடியாது. ஆனால் அதன் செவுள் அசைவதை அந்தத் தலை அறிந்துவிடும். இந்தப் புலன் அரை மீட்டருக்குள்தான் நன்றாக வேலை செய்கிறது. எனவே தொலைவில் நீந்தும் மனிதரை மின்புலத்தால் மோப்பம் பிடித்து வந்து தாக்கும் என்ற அச்சத்துக்கு இடமில்லை. நிலத்தில் புதைந்த உலோகத்தைத் தேடுபவர் தம் கருவியை இடவலமாக ஆட்டிக்கொண்டே நடப்பதுபோல, இது தலையை ஆட்டிக்கொண்டே கடலடியைத் தடவிச் செல்கிறது. தலை அகலமாக இருக்கும் அளவுக்கு ஒரே வீச்சில் தடவும் மணற்பரப்பும் அகலமாகிறது.

தலை இப்படி விரிந்ததற்குப் பார்வையும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. கண்கள் இவ்வளவு விலகியிருந்தால் முன்னால் இருப்பதை இரு கண்ணாலும் சேர்த்துப் பார்க்க முடியாது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு அந்தக் கருத்தை மாற்றியது. இரு கண்களின் பார்வையும் ஒன்றோடொன்று சேரும் கோணம், கொம்பன் சுறா இனங்களில் மிக அகன்ற தலையுள்ள இறக்கைத்தலைக் கொம்பனுக்கு 48 பாகை, அலைவிளிம்புக் கொம்பனுக்கு 32 பாகை, தலை குறுகிய மண்வெட்டித்தலைக் கொம்பனுக்கு 13 பாகை என அந்த ஆய்வு அளந்தது. சாதாரணத் தலையுள்ள எலுமிச்சைச் சுறாவுக்கு இது 10 பாகையே. தொலைவை மதிப்பிடும் திறன் கொம்பனுக்கு மற்றச் சுறாக்களைவிடக் கூடுதல் என்பது இதன் பொருள். கண் மங்கிய மீன் எதையும் இரை என்று நினைத்துக் கவ்வலாம். இது தன் முன்னால் இருப்பது என்னவென்று நன்றாகவே பார்க்கிறது.

இரையைப் பிடிக்கும் முறையும் நம் கேள்விக்கு நேராகத் தொடர்புள்ளது. பஹாமாஸ் கடலில், கொம்பன் இனங்களில் மிகப் பெரிதான பெருங்கொம்பன் ஒன்று திருக்கையை வேட்டையாடுவதை நேரில் கண்ட ஆய்வாளர்களின் குறிப்பு 1990இல் வெளியானது. தப்பி ஓடும் திருக்கையைத் தலையால் மேலிருந்து தட்டி மணலில் சாய்த்து, எழ முயன்றபோது அதே தலையால் அழுத்திப் பிடித்து, பிறகு உடலைச் சுழற்றி அதன் சிறகின் ஓரத்தைக் கடித்தது. சிறகு சேதமான திருக்கையால் நீந்த முடியாது. திருக்கையின் வாலிலுள்ள நஞ்சு முள்ளை இந்தச் சுறா பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. வாயிலும் தாடையிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட முட்கள் தைத்திருந்த பெருங்கொம்பன் ஒன்று அமெரிக்கக் கரையில் பிடிபட்டதுண்டு. திருக்கை, நண்டு, கணவாய், கடலடி மீன்கள், சிறு சுறாக்கள் என இதன் உணவுப் பட்டியல் நீள்கிறது. கடல் நாயையும் ஆமையையும் தின்று பழகிய வெள்ளைச் சுறாவுக்கும் புலிச் சுறாவுக்கும் மேற்பரப்பில் கை கால் அசைக்கும் மனிதர் பழகிய இரையின் உருவத்தை நினைவூட்டலாம். மணலைத் தடவி உண்ணும் உயிரினத்துக்கு அப்படியொரு குழப்பம் நேர வாய்ப்பு மிகக் குறைவு.

இதுவரை கொம்பன் சுறா என்று ஒருமையில் எழுதி வந்தாலும், இது ஓர் இனம் அல்ல, பத்து இனங்கள் கொண்ட ஒரு குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள் வேறுபாடு மிகப் பெரியது. அமெரிக்கக் கரைகளில் வாழும் மண்வெட்டித்தலைக் கொம்பன் ஒரு மீட்டரை ஒட்டிய நீளமே உடையது. நண்டோடு கடற்புல்லையும் தின்று செரிக்கிறது என்று 2018இல் கண்டறியப்பட்டது. மனிதரைப் பொறுத்தவரை அது ஒரு பொருட்டே அல்ல. நம் மலாக்கா நீரிணைக்கு உரியது இறக்கைத்தலைக் கொம்பன். பாரசீக வளைகுடா முதல் ஆஸ்திரேலியாவின் வடகரைவரை ஆழமற்ற கரையோரங்களில் வாழும் இது இரண்டு மீட்டரைத் தாண்டுவதில்லை. ஆனால் அதன் தலையின் அகலம் உடல் நீளத்தில் ஏறத்தாழப் பாதி. சிறு மீனும் இறாலும் கணவாயும் உண்ணும் இந்த மெலிந்த மீனுக்கு அந்தத் தலையே எமனாகிறது. எந்த வலை வந்தாலும் முதலில் சிக்குவது இதுதான்.

எச்சரிக்கை தேவைப்படும் இனம் ஒன்றே ஒன்று, பெருங்கொம்பன். சாதாரணமாக மூன்றரை, நான்கு மீட்டர் வளரும் இது ஆறு மீட்டரை எட்டியதாகவும் பதிவுண்டு. 2006இல் ஃப்ளோரிடாவின் போக்கா கிராண்டே கரையில் பிடிபட்ட ஒரு தாய்ச் சுறா 580 கிலோ எடை இருந்தது. அதன் வயிற்றில் 55 குட்டிகள் இருந்தன. இதன் பற்கள் முக்கோண வடிவில், ஓரத்தில் அரம்போல் கூர்மையுடன் இருக்கும். கூட்டமாக அல்லாமல் தனியாக அலையும். மனிதரைக் கண்டு எளிதில் விலகாது. ஃப்ளோரிடாவின் கரையோரத்தில் கருநுனிச் சுறாக்களைத் துரத்திக்கொண்டு இடுப்பளவு நீர்வரை வந்ததை டிரோன் படங்கள் காட்டியுள்ளன. உடல் வலிமையை மட்டும் வைத்துக் கேட்டால் இது ஒரு மனிதரைக் கொல்லக்கூடியதுதான். அந்த வலிமையை அது மனிதர்மீது பயன்படுத்துகிறதா என்பது வேறு கேள்வி. பஹாமாஸின் பிமினித் தீவில் குளிர்கால மாதங்களில் முக்குளிப்பாளர்கள் மணலில் மண்டியிட்டு அமர்ந்திருக்க, பெருங்கொம்பன்கள் இரைக்காக அவர்களின் தோளுரச வந்து போவது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. இரை ஊட்டி ஒரு காட்டு விலங்கை அருகே வரப் பழக்குவது எனக்கு உடன்பாடானதல்ல. ஆயினும் இவ்வளவு நெருக்கத்திலும் அது மனிதரை இரையாகக் கொள்ளவில்லை என்பதற்கு அங்குள்ள அனுபவம் சான்றாகிறது.

பெருங்கொம்பனை நீருக்குள் பார்த்தவர்கள் அது பக்கவாட்டில் சாய்ந்து, ஒரு கண்ணை மேலே வைத்துத் தங்களையே உற்றுப் பார்த்ததாகச் சொல்வதுண்டு. அந்தச் சாய்வு அச்சுறுத்துவதற்கானது அன்று. 2016இல் வெளியான ஆய்வொன்றில், அசைவை அளக்கும் கருவிகள் பொருத்தப்பட்ட பெருங்கொம்பன்கள் தம் நேரத்தில் 90 விழுக்காடுவரை, 50 முதல் 75 பாகை சாய்ந்தே நீந்துவது தெரியவந்தது. இதன் முதுகுத் துடுப்பு மார்புத் துடுப்பைவிட நீளமானது. சாய்ந்து நீந்தும்போது அதுவும் ஓர் இறக்கையாகி உடலைத் தாங்குகிறது, நீந்தும் செலவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. சிக்கனமாக நீந்தும் ஒரு மீனின் இயல்பை, நம்மை நோக்கிய பார்வையாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அலைவிளிம்புக் கொம்பன்தான் மலேசியாவில் முக்குளிப்பவர்கள் காண ஆசைப்படும் சுறா. சபாவின் கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர் தொலைவில் தென்சீனக் கடலில் இருக்கும் லாயாங் லாயாங் பவளத்திட்டு, இந்தச் சுறாக்கள் கூட்டமாகக் கூடும் இடங்களில் ஒன்றாக உலக அளவில் அறியப்பட்டது. ஏப்ரலை ஒட்டிய மாதங்களில் அங்கே திட்டின் செங்குத்துச் சரிவையொட்டி அவை அணிவகுத்து நீந்தும். அங்கே போனவர்கள் சொல்லும் குறை எப்போதும் ஒன்றுதான்: அவை அருகில் வருவதில்லை. காற்றுக் கலத்திலிருந்து எழும் குமிழிகளின் ஓசையே அவற்றைக் கலைத்துவிடுகிறது. 1980களில் கலிஃபோர்னியா வளைகுடாவில் இந்தக் கூட்டங்களை ஆராய்ந்த பீட்டர் கிளிம்லி, காற்றுக் கலத்தை விட்டுவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு மூழ்கிப் போய்த்தான் அவற்றுக்கு அடையாளக் குறி இட முடிந்தது. பகலில் கடலடிக் குன்றைச் சுற்றி ஓய்வாகச் சுழலும் கூட்டம், இருள் சூழ்ந்ததும் கலைந்து தனித்தனியே இரை தேடிப் போகிறது என்பது அவருடைய கண்டறிதல்களில் ஒன்று. முக்குளிப்பவர் பகலில் காண்பது, இரையைப் பற்றிய நினைப்பே இல்லாத நேரத்தில் இருக்கும் சுறாக்களை.

இரவில் அவை எங்கே போகின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஹவாயில் கருவி பொருத்தி ஆராய்ந்தவர்கள் 2023இல் வெளியிட்ட முடிவுகளின்படி, அலைவிளிம்புக் கொம்பன்கள் இரவில் 800 மீட்டருக்கும் கீழே, உறைய வைக்கும் குளிருக்குள் பாய்கின்றன. ஏறத்தாழ 17 நிமிடம் நீளும் அந்தப் பாய்ச்சலில் உடலின் வெப்பம் வெளியேறாதிருக்கச் செவுள்களை மூடிக்கொள்கின்றன, அதாவது ஒரு மீன் மூச்சை அடக்குகிறது. நான் படித்த கடற்செய்திகளில் இதைப்போல வியக்க வைத்தவை சிலவே. கரையில் குளிப்பவர்களைத் தேடி வரும் விலங்கு என்று நாம் கற்பனை செய்து வைத்திருப்பது, தன் இரவுகளை இப்படிக் கழிக்கிறது.

பினாங்கின் கரைக்கு வருவோம். பத்து பெரிங்கி, தெலுக் பகாங் ஆகிய கடற்கரைகளில் விடுமுறை நாளில் பிள்ளைகளோடு கடலில் இறங்கும் குடும்பங்கள் நிறைய. அங்கே கடல் ஆழமற்றது, சேறு கலந்தது, நீர் தெளிவில்லாதது. குட்டி ஈனும் அலைவிளிம்புக் கொம்பன்கள் இத்தகைய சேற்றுக் கரைகளைத்தான் நாடுகின்றன என்பதால், வலையில் சிக்குபவை பெரும்பாலும் அரை மீட்டர் அளவுள்ள குட்டிகள். இந்தக் கரையில் அஞ்ச வேண்டியவை வேறு. பெட்டி வடிவ ஜெல்லி மீன்கள் பினாங்குக் கடலில் உண்டு. தீவின் வடமேற்கு மூலையில் மூக்கா ஹெட்டில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடல் ஆய்வு மையத்தினர் அவற்றை ஆராய்ந்து வருகிறார்கள். அவற்றின் இழை பட்டால் தோல் வெந்ததுபோலாகும்; சில இனங்களின் நஞ்சு உயிரையே பறிக்கும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் வினிகர் ஊற்றிவிட்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். சேற்றில் புதைந்திருக்கும் திருக்கையை மிதித்தால் அதன் முள் காலில் ஏறும். பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு இழுத்து நடந்தால் அது முன்கூட்டியே விலகிப் போகும். இந்த இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர் குறைவு. சுறாவைப் பற்றிச் சொல்லாத பெற்றோர் இல்லை.

ஈட்டி மீன்பிடிப்பில் ஈடுபடுவோருக்கும் ஆழ்கடலில் முக்குளிப்போருக்கும் மட்டும் தனியாகச் சில சொல்லலாம். குத்திய மீனை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்தக் கூடாது. துடிக்கும் மீனின் அதிர்வும் இரத்தமும் எந்தச் சுறாவையும் அழைக்கும், பெருங்கொம்பனும் அதற்கு விலக்கல்ல. அது அருகே வந்தால் முகத்தை அதன் பக்கம் திருப்பி, பதறிக் கைகாலை அடிக்காமல், மெல்லப் பின்வாங்கி மேலேற வேண்டும். மீனை அது கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

இந்தச் சுறாவால் மனிதருக்கு வரக்கூடிய உண்மையான கேடு ஒன்று இருக்கிறது. அது சமையலறை வழியாக வருகிறது. என் அக்கா பட்டர்வொர்த்தில் பிள்ளை பெற்று வீட்டுக்கு வந்தபோது, பத்தியச் சாப்பாட்டுக்கு அம்மா முதலில் தேடியது சுறாவைத்தான். மஞ்சள் போட்டு அவித்து, தோலை உரித்து, உதிர்த்து, துணியில் வைத்துப் பிழிந்து, சின்ன வெங்காயமும் பூண்டும் மிளகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கிளறும் அந்தப் புட்டு, பால் ஊறச் செய்யும் என்பது நம் வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் நம்பிக்கை. அதற்கென்றே பால் சுறா என்று பெயர் பெற்ற சிறு இனம் உண்டு. அன்று சந்தையில் கிடைத்ததோ, ஒரு பெரிய சுறாவின் குறுக்கே அறுத்த வில்லைகள். அம்மா வாங்கிய துண்டு, மீன் தட்டைவிட அகலமாக இருந்தது.

பெரிய சுறா என்பதுதான் இங்கே சிக்கல். கடலில் கலக்கும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நுண்ணுயிரை இறாலும், இறாலை மீனும், மீனைப் பெரிய மீனும் தின்னத் தின்ன, ஒவ்வொரு படியிலும் அதன் செறிவு கூடுகிறது. உச்சிப்படியில் நெடுங்காலம் வாழும் கொம்பன் சுறாக்களின் தசையில் அது மிகுதியாகச் சேர்கிறது. அதற்கு மணமில்லை, சுவையில்லை. அவித்தாலும் பிழிந்தாலும் பொரித்தாலும் போகாது. சுறாவின் தசையிலுள்ள யூரியாவின் கவுச்சியை மஞ்சளும் கொதிநீரும் போக்குவதால், கெட்டது எல்லாம் போய்விட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடியைக் கடந்து கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தாய்ப்பாலிலும் சிறிதளவு செல்லும். அதனால்தான் கருவுற்றவர்களும் பால் கொடுப்பவர்களும் சிறு பிள்ளைகளும் சுறாவை அறவே தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவுறுத்துகிறது. சுறாவை நாம் யாருக்கென்று சமைக்கிறோமோ, அவர்களுக்குத்தான் அது முதலில் ஆகாது. இதைப் படித்தறிந்து நான் சொன்னபோது அம்மா நெடுநேரம் பேசவில்லை. “எங்கம்மா எனக்குக் கொடுத்ததைத்தானேடா நான் கொடுத்தேன்” என்றார். பாட்டி கொடுத்தது கையளவு நீளமுள்ள மீன். பழக்கம் மாறவில்லை, சந்தைக்கு வரும் மீன் மாறிவிட்டது.

மனிதரால் இந்தச் சுறாவுக்கு நேர்ந்திருப்பதையும் அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். உலகம் முழுவதும் எல்லாச் சுறாக்களும் சேர்ந்து, சீண்டல் இல்லாமல் மனிதரைக் கடிப்பது ஆண்டுக்குச் சராசரியாக அறுபது, எழுபது முறை. மனிதர் ஆண்டுதோறும் கொல்லும் சுறாக்கள் ஏறத்தாழப் பத்துக் கோடி என 2013இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. ஹாங்காங் துடுப்புச் சந்தையின் தரவுகளை ஆராய்ந்து 2006இல் வெளியான மற்றொரு மதிப்பீட்டின்படி, அலைவிளிம்புக் கொம்பனும் வழுவிளிம்புக் கொம்பனும் மட்டும் ஆண்டுக்கு 13 லட்சம் முதல் 27 லட்சம்வரை துடுப்புக்காகக் கொல்லப்பட்டன. பெருங்கொம்பன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் குட்டி ஈனும். கருக்காலம் ஏறத்தாழப் பதினொரு மாதம். தூண்டிலில் மாட்டினால் மற்றச் சுறாக்களைவிட விரைவாக இது களைத்து இறக்கிறது. இரக்கப்பட்டு விடுவித்தாலும் பல பிழைப்பதில்லை. இன்று பெருங்கொம்பனும் அலைவிளிம்புக் கொம்பனும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் மிக ஆபத்தான நிலையில் உள்ளவை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையான சைட்டிஸின் மாநாடு 2013இல் பாங்காக்கில் கூடி, மூன்று கொம்பன் இனங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தியது. 2022இல் பனாமா மாநாடு அதைக் குடும்பம் முழுமைக்கும் விரித்தது.

மலேசியா, அழியும் நிலையிலுள்ள மீனினங்களுக்கான தன் 1999ஆம் ஆண்டு விதிமுறைகளை 2019இல் திருத்தி, பெருங்கொம்பன், வழுவிளிம்புக் கொம்பன், இறக்கைத்தலைக் கொம்பன் ஆகிய மூன்றையும் பாதுகாக்கப்பட்டவையாக அறிவித்தது. நல்ல சட்டம், வெகு முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம் என்பது என் எண்ணம். நடைமுறையில் இந்நாட்டில் சுறாவை மட்டும் குறிவைத்துப் பிடிப்பவர்கள் குறைவு. புக்காட் துண்டா எனப்படும் இழுவை வலை, கடலடியைத் துடைத்து எடுக்கும்போது மற்ற மீன்களோடு இவையும் ஏறிவிடுகின்றன. பலகைக்கு வரும்போது பெரும்பாலும் உயிர் இருப்பதில்லை. துறைக்கு வரும் முன்பே தலையும் துடுப்பும் நீக்கப்பட்டுவிட்டால், எஞ்சிய உடலைப் பார்த்து எந்த இனம் என்று வாங்குபவரால் சொல்ல முடியாது. உலகில் எவரும் எளிதாக அடையாளம் காணும் மீன், தலையை இழந்ததும் அடையாளமற்ற வெள்ளைச் சதையாகிவிடுகிறது.

அம்மா இப்போதும் அதே சந்தைக்குத்தான் போகிறார். போன மாதம் நானும் கூடப் போயிருந்தேன். அறுத்து அடுக்கியிருந்த சுறா வில்லைகளைக் காட்டி, “தம்பி, இதோட தலை எங்கே?” என்று கேட்டார். கடைக்காரர் பையன் சிரித்துக்கொண்டே, “தலைய யாரு ஆச்சி வாங்குறா, துறையிலயே போட்டுட்டு வந்துடுவாங்க” என்றான். அம்மா அரைக் கிலோ கெம்போங் (கானாங்கெளுத்தி) மீன் நிறுத்துத் தரச் சொன்னார்.